பதினைந்து டாலர் வாத்தியம்

நீளமான பதிவு இது. அவசரமாக பஸ் பிடிக்கப் போகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

2018 கோடையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். சான் ஹோசே என்ற ஊர். எனக்கும் ஒன்பது வயதுப் பேத்திக்கும் சனிக்கிழமை காலையில் ஒரு பொழுதுபோக்கு. அங்கே வீட்டைக் காலி செய்கிறவர்கள் கார் நிறுத்தும் கொட்டகையைத் திறந்துவைத்து, வேண்டாத சாமான்களை மேஜையில் பரப்பி விற்பார்கள். கராஜ் சேல் என்று பெயர். நாங்கள் இருவரும் தெருத் தெருவாக நடந்து வேடிக்கை பார்ப்போம்.

அப்படி ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதியோர் குடியிருப்புக்குப் போகப்போகிறாராம். மேஜையில் பீங்கான் தட்டுகள், தையல் பெட்டி, பழைய டோஸ்டர். இவற்றுக்கு நடுவே கிடார் குட்டி போட்டதுபோல ஒரு வாத்தியம் கிடந்தது. நாலு தந்தியில் இரண்டு இல்லை. பேத்தி எடுத்தவள் கீழே வைக்கவில்லை. விலை இருபது டாலர் என்றார். நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவன். அதைவிட அதிக வருடம் கும்பகோணம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கியவன். இரண்டு தந்தி இல்லையே என்று சொல்லிப் பதினைந்துக்கு முடித்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து செல்போன் விளக்கை ஒலித்துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே பழுப்பேறிய காகித லேபிள். ஜோனா குமலாயே, ஹொனலூலு, தங்க விருது, 1915.

வருடம் போட்ட காகிதத்தைப் பார்த்துவிட்டால் வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பானா? மறுநாளே பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனேன். அடுத்த சில வாரங்கள் நான் படித்ததும், அதற்குப் பிறகு நடந்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர். அமெரிக்கர்கள் ‘யூகலேலி’ என்கிறார்கள். ஹவாய்க்காரர்கள் சொல்வது ‘உக்குலேலே’. நடுவில் ஒற்று போட்டால்தான் தமிழில் அந்த ‘க’ சரியாக வல்லினமாக ஒலிக்கும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். உக்கு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் குதிப்பது. வாசிக்கிறவரின் விரல்கள் தந்திமேல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன பொருள், ‘இங்கே வந்து சேர்ந்த கொடை’. பூச்சி என்று சொல்ல ஒரு அரசிக்கு மனம் வருமா!

வந்து சேர்ந்தது என்பது மட்டும் உண்மை. 1876-இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஹவாய்ச் சர்க்கரை அங்கே வரியில்லாமல் போகத் தொடங்கியது. உடனே தீவெங்கும் கரும்புத் தோட்டம். வெட்ட ஆள் இல்லை. அட்லாண்டிக் கடலில் மதேரா என்ற போர்த்துக்கீசியத் தீவில் திராட்சைக் கொடிகளை ஃபைலாக்ஸெரா பூச்சி தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஆள் இருந்தார்கள், பிழைப்பு இல்லை. பிறகென்ன, ஒப்பந்தம், கப்பல், நான்கு மாதக் கடல் பயணம். 1860-இல் சென்னையிலிருந்து நம் ஆட்களை நேட்டாலுக்கு ஏற்றிப்போன ‘ட்ரூரோ’ கப்பலைப் பற்றி வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன். அதே கதை, வேறு கடல்.

‘ராவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் 1879 ஆகஸ்ட் 23 அன்று ஹொனலூலுவில் அவர்களை இறக்கியது. நானூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் மூன்று பேர் தச்சர்கள், மேஜை நாற்காலி செய்கிறவர்கள்: மனுவேல் நூனெஸ், ஆகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. கூட வந்தவர்கள் கையில் ‘மஷெட்’ என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம். இறங்கி இரண்டு வாரத்துக்குள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, மதேராக்காரர்கள் இரவுதோறும் தெருவில் வாசிக்கிறார்கள் என்று எழுதிவிட்டது. கரும்பு வெட்ட வந்தவர்கள் செய்தியானது பாட்டால்.

1880-களின் நடுவில் அந்த மூன்று தச்சர்களும் ஹொனலூலுவில் கடை போட்டிருந்தார்கள். மஷெட்டின் உடல், ‘ரஜாவ்’ என்ற ஐந்து தந்தி வாத்தியத்தின் சுருதி, ஹவாயிலேயே வளரும் கோவா மரம். மூன்றும் சேர்ந்து புதுப் பிறவி. கோவா வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். ஆனால் அது நம் கருவேலத்துக்குத் தூரத்துப் பங்காளி. நீலகிரியில் வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன ஆஸ்திரேலிய வேலமரம் இன்னும் நெருங்கிய பங்காளி. சுருதியை நம் கணக்கில் சொன்னால் ப, ஸ, க, த. இதில் முதலில் வரும் ‘ப’ கீழே இல்லாமல் மேலே நிற்கும். அந்தத் துள்ளல் ஒலிக்குக் காரணமே அதுதான்.

மன்னர் கலாகவுவாவுக்கு இந்த வாத்தியம் பிடித்துப்போனது. இவர் 1881-இல் உலகம் சுற்றியவர். கல்கத்தா, பம்பாய் வழியாக நம் நாட்டையும் கடந்து போனார். தோட்டங்களுக்கு ஆள் தேடுவதும் அந்தப் பயண நோக்கங்களில் ஒன்று. 1886-இல் தன் 50-ஆவது பிறந்தநாள் விழாவில் ஹூலா ஆட்டத்துக்குப் பக்கவாத்தியமாக உக்குலேலேயைச் சேர்த்துக்கொண்டார். கூலிக்காரன் வாத்தியம் ஏழே வருடத்தில் அரண்மனைக்குள் போனது. அரண்மனைதான் நிலைக்கவில்லை. 1893-இல் லிலியுஒகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இனி வியாபாரத்துக்கு வருவோம்.

பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய சர்வதேசக் கண்காட்சி நடந்தது. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் வந்து போனார்கள். ஹவாய் அரங்கில் தினமும் பாட்டும் உக்குலேலேயும். கேட்டவனெல்லாம் ஒன்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தான். அங்கே தங்க விருது வாங்கியவர்தான் என் லேபிளில் இருந்த ஜோனா குமலாயே. ஹவாயின் பூர்வகுடி. சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்யும் ‘பொய்’ என்ற அவர்களுடைய அன்றாட உணவைத் தயாரித்து விற்றவர், அரசியலிலும் இருந்தவர், கூடவே வாத்தியத் தொழிற்சாலை. எனக்குப் பிடித்துப்போன மனிதர்.

ஆனால் கண்காட்சியால் ஹவாய்க்காரர்களுக்குக் கிடைத்த பணத்தைவிட, அவர்கள் பெயரால் மற்றவர்களுக்குக் கிடைத்த பணம்தான் அதிகம். தபாலில் சாமான் விற்கும் சியர்ஸ் கம்பெனி 1916-இல் சிகாகோவின் ஹார்மனி தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிவிட்டது; உக்குலேலே சந்தையைப் பிடிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்க ஊர்களில் செய்த வாத்தியங்கள் ‘ஹவாயில் செய்தது’ என்ற முத்திரையோடு விற்பனைக்கு வந்தன. ஹொனலூலுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஹவாய் அரச சின்னத்தோடு ‘டாபு’ என்று ஒரு முத்திரை உண்டாக்கி, உண்மையிலேயே அங்கே செய்ததற்கு மட்டும் அதைக் குத்தினார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கினோமே, அதே எண்ணம், நூறு வருடம் முன்னால். இன்றைக்கு ஒரு பழைய உக்குலேலேயில் டாபு முத்திரை இருந்தால் சேகரிப்பாளர்கள் முகம் மலர்கிறது. அன்றைக்கு அந்த முத்திரையால் சிகாகோவின் விலையோடு போட்டி போட முடியவில்லை.

இங்கே ஒரு விஷயம். ஒரு பக்கம் மட்டும் பொய் சொல்லியது என்று நினைத்துவிடாதீர்கள். மனுவேல் நூனெஸ் தன்னை, 1879-இல் உக்குலேலேயைக் கண்டுபிடித்தவர் என்றே விளம்பரம் செய்துகொண்டார். 1879 ஆகஸ்டில்தான் மனிதர் கப்பலிலிருந்து இறங்குகிறார்! நான்கு மாதக் கடல் பயணக் களைப்போடு, கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வருடமே கண்டுபிடித்தும் விட்டாராம். கூடவே கடை போட்ட டியாஸும் சாண்டோவும் என்ன ஆனார்கள்? சாண்டோ 1905-இல் இறந்துவிட்டார். டியாஸ் 1915-இல், அந்தக் கண்காட்சி வருடத்திலேயே. மறுத்துப் பேச ஆள் இல்லாதபோது கண்டுபிடித்தவர் ஆவது சுலபம். ஜான் கிங், ஜிம் டிராங்க்வாடா என்ற இருவர் 2012-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பதிப்பாக உக்குலேலே வரலாறு எழுதினார்கள். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு மூவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பழைய உக்குலேலே வாங்கி விற்கிற சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் வருடங்கள் மூன்று. 1833, 1879, 1915. மூன்றைப் பார்த்தும் மக்கள் ஏமாறுகிறார்கள்.

1833 என்பது மார்ட்டின் கம்பெனி வாத்தியங்களின் தலையில் இருக்கும் வருடம். அது கம்பெனி தொடங்கிய வருடம். அந்த ஒட்டுப்படத்தைப் பார்த்துவிட்டு 185 வருடப் பழைய உக்குலேலே என்று கூசாமல் விளம்பரம் போட்டவர்களைக் கண்ணால் பார்த்தேன். அப்போது உக்குலேலேயே பிறக்கவில்லை. 1879-இன் கதையைச் சொல்லிவிட்டேன். 1915 என்பது குமலாயே விருது வாங்கிய வருடம். அதன்பிறகு பல வருடங்கள் அதே லேபிளைத்தான் ஒட்டினார்கள். நம் ஊர் நகைக்கடைப் பையில் ‘1928 முதல்’ என்று போட்டிருந்தால் அந்தப் பை 1928-இல் தைத்ததா? ஆனால் பழம்பொருள் என்று வந்துவிட்டால் நமக்கு இந்தப் புத்தி வேலை செய்வதில்லை. மூன்று வருடங்களில் இரண்டு சுத்தமான உண்மை. உண்மையான வருடத்தாலேயே ஏமாறலாம் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்றபிறகு கிடைத்தது!

அப்படியானால் வயதை எதைவைத்துச் சொல்வது? வாத்தியத்தின் உடம்பை வைத்து. இந்தப் பாகங்களுக்கெல்லாம் நம் வீணைக்காரர்களின் சொற்களே பொருத்தமாக இருக்கின்றன. முதலில் பிருடை. ஆரம்பகாலத்தில் மரப் பிருடை, வீணையில் இருப்பதுபோல அழுத்தத்தில் நிற்பது. பிறகு உலோகத் திருகு வைத்தவை. அடுத்து மெட்டு. பழையதில் தட்டையான பட்டைக் கம்பி, பின்னால் வந்ததில் குறுக்குவெட்டில் ‘டி’ எழுத்துப் போலிருக்கும் கம்பி. பழைய ஹவாய் வாத்தியங்கள் பலவற்றில் தனியாக விரல்பலகையே கிடையாது. தண்டியிலேயே மெட்டைப் பதித்திருப்பார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அரைக் கிலோகூட இருக்காது. உள்ளே தடவினால் உளி, இழைப்புளி தடம் விரலில் படும். வெளியே தெரியாத இடத்தை யாரும் மெழுகுவதில்லை. தச்சனின் கையெழுத்து அங்கேதான் இருக்கும்.

மார்ட்டின் வேறு ரகம். பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் இருக்கும் கிடார் கம்பெனி (நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லை). 1907-இல் சில உக்குலேலே செய்து பார்த்துத் தோற்றார்கள். கிடார் மாதிரி உள்ளே தாங்குகட்டை அதிகம் வைத்துவிட்டதால் ஒலி எழவில்லை. கண்காட்சிக்குப் பிறகு பாடம் கற்றுக்கொண்டு 1916-இலிருந்து மஹோகனி மரத்தில் செய்தார்கள், பிறகு கோவாவிலும். 1920-களில் அந்தக் கிடார் கம்பெனியில் கிடாரைவிட உக்குலேலே அதிகம் போனது. கிடாருக்கு வரிசை எண் போட்டவர்கள் உக்குலேலேக்கு, தொடக்கத்தில் கொஞ்சம் தவிர, போடவே இல்லை. சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார்களோ என்னவோ. அதனால் தலைப்பின்புறம் அழுத்திய முத்திரையா, 1930-களில் வந்த முன்பக்க ஒட்டுப்படமா, மரப் பிருடையா, உலோகமா என்று நாலைந்து அடையாளத்தைச் சேர்த்துத்தான் வயது சொல்ல முடியும். கல்வெட்டில் ஆண்டு சிதைந்துபோனால் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வோமே, அந்த வேலைதான்.

1922-இல் வந்த ‘5 கே’ என்ற அலங்கார ரகம்தான் இந்தச் சந்தையின் கோஹினூர். நல்ல வரியோடிய கோவா, ஓரமெல்லாம் முத்துச்சிப்பிப் பதிப்பு. இன்று பல ஆயிரம் டாலர். அதே கம்பெனியின் சாதாரண ரகம் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் சாதாரண ரகத்தை வாங்கி வாசிக்கிறார்கள். 5 கே-யை வாங்கியவர்களில் பலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறார்கள் என்று கேள்வி.

இதே நாசரேத் அருங்காட்சியகத்தில் ஒரு மார்ட்டின் இருக்கிறது. ரிச்சர்ட் கான்டர் என்ற மாலுமியுடையது. 1926-இல் பேர்ட் வடதுருவத்துக்கு விமானத்தில் கிளம்பியபோது, விமானி ஃபிளாய்ட் பென்னெட் இதை ஒளித்துக் கூடவே கொண்டுபோனார். அந்தப் பயணக் குழுவினரும் வேறு பல பெரிய மனிதர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதன் உடம்பெங்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பேர்ட் உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்பதில் இன்றும் சண்டை தீரவில்லை. சாதாரணமாகப் பழைய வாத்தியத்தில் யாராவது பேனாவால் கிறுக்கியிருந்தால் விலை விழும். இதில் கிறுக்கல்தான் விலை.

விலையை விழவைப்பது எது என்றும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் வெடிப்பு இருந்தால் பயப்படுகிறோம். ஒழுங்காகப் பின்னால் கட்டை வைத்து ஒட்டிய வெடிப்பு பெரிய குற்றமில்லை. பெரிய குற்றம், பளபளப்பாக இருக்கட்டும் என்று புதிதாக வார்னிஷ் அடிப்பது. ஒரே நாளில் விலை பாதியாகிவிடும் என்பது சந்தைப் பேச்சு. கோயில் கல்வெட்டுமேல் சுண்ணாம்பும் மணல்வீச்சும் நடத்திய திருப்பணிகளைப் பார்த்த நமக்கு இது புரியும். இன்னொரு கொலை, எஃகுத் தந்தி மாட்டுவது. குடல் நரம்புக்காகச் செய்த மெல்லிய பலகை இது; எஃகின் இழுப்பில் குதிரை பெயர்ந்து வந்துவிடும். இப்போதெல்லாம் நைலான்தான். பிரேசில் ரோஸ்வுட் வைத்த பழைய வாத்தியம் என்றால் இன்னொரு தலைவலி. 1992 முதல் அந்த மரம் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது.

1929 சரிவோடு அந்த மோகம் அடங்கியது. 1949-இல் மாரியோ மக்காஃபெரி பிளாஸ்டிக்கிலேயே ஒன்று செய்து லட்சக்கணக்கில் விற்றார். தொலைக்காட்சி நடத்துநர் ஆர்தர் காட்ஃப்ரி வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அதற்கு உதவியது. பிறகு கிடார் காலம் வந்தது. உக்குலேலே பரணுக்குப் போனது. நூனெஸிடம் தொழில் கற்ற சாமுவேல் கமாகா 1916-இல் தொடங்கிய பட்டறை மட்டும் விடாமல் நடந்தது. அன்னாசிப்பழ வடிவ உக்குலேலேக்கு 1928-இல் காப்புரிமை வாங்கிய குடும்பம், இன்றும் ஹொனலூலுவில் செய்துகொண்டிருக்கிறது. காது கேளாத பணியாளர்களை அவர்கள் வேலைக்கு வைத்தார்கள். பலகையைத் தட்டி அதிர்வை விரலால் உணர்ந்தே அவர்கள் கனம் பார்ப்பார்களாம். இதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும்.

பரணில் கிடந்ததற்கு மறுபடி விலை வந்தது 1990-களில். ஜிம் பெலாஃப் என்பவர் பாசடேனாவின் பழைய சாமான் சந்தையில் ஒரு மார்ட்டின் உக்குலேலே வாங்கினார். அது அவரைப் பிடித்துக்கொண்டது. 1997-இல் படங்களோடு உக்குலேலே வரலாற்றுப் புத்தகமே போட்டார். இணைய ஏலமும் அதே காலத்தில் வந்தது. அதுவரை விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. இப்போது வாங்குகிறவருக்குத் தெரியும். பரணைக் காலி செய்கிற கிழவிக்கு மட்டும் தெரியாது.

இதை நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளே ஏதோ இடறியது.

பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடைக்குப் பேத்தியோடு போனேன். கடைக்காரர் பிருடையைப் பார்த்தார், முகர்ந்தார், முதுகைத் தட்டினார். நின்ற இடத்தில் 350 டாலர் தருகிறேன் என்றார். நீங்கள் என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டேன். மனிதர் ஒளிக்கவில்லை. அறுநூறு என்றார்.

வீட்டில் விவாதம். “மாமா, கராஜ் சேல்ல வாங்கினா வாங்கினதுதான். அவங்க விலை சொன்னாங்க, நீங்க குடுத்தீங்க. இதுல தப்பு என்ன இருக்கு?” என்றார் மாப்பிள்ளை. சட்டப்படி அவர் சொன்னது சரி. மகள் ஒன்றும் சொல்லவில்லை. என்னை உறுத்தியது விலை இல்லை, பேரம். அந்த ஐந்து டாலர்.

அடுத்த சனிக்கிழமை போனேன். அந்த அம்மா பெட்டிகளுக்கு நடுவில் இருந்தார். உட்காரச் சொன்னார். வாத்தியத்தைக் காட்டி, லேபிளைக் காட்டி, கடைக்காரர் சொன்ன விலையைச் சொன்னேன். உங்களுக்கு வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் மகிழ்வார் என்று நினைத்துத்தான் போனேன், மறைக்கவில்லை.

அவர் அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா 1920-களில் ஹொனலூலுவில் இரண்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்தாராம், அங்கே வாங்கியதாம். (லேபிளில் 1915, வாங்கியது 1920-களில். சொன்னேன் அல்லவா?) “இரண்டு வாங்கினார்” என்றார். இன்னொன்று இதைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மா கடைசிவரை வாசித்தது அதைத்தான். அதில் எட்டுப் பிருடை இருந்ததாம்.

எட்டுத் தந்தி என்றால் ‘டாரோ பேட்ச்’. சேப்பங்கிழங்குத் தோட்டம் என்று பொருள். இரண்டிரண்டு தந்தியாக நாலு ஜோடி. அதிகம் செய்யப்படாதது, என்னுடையதைவிட இரண்டு மடங்கு விலையாவது போகும். இதை நான் வாய்திறந்து சொன்னேனா, என் முகத்திலேயே தெரிந்துவிட்டதா என்று இப்போது ஞாபகம் இல்லை.

நாங்கள் போவதற்கு முந்தைய வாரம் ஒருவர் வந்தாராம். நல்ல உடுப்பு, மரியாதையான பேச்சு. பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வாத்தியத்துக்குள் விட்டுப் பார்த்தாராம். வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டாராம். அப்போது இந்தச் சின்னது எந்தப் பெட்டியில் என்று தெரியாததால் இல்லை என்று சொல்லிவிட்டார். பத்து டாலர் கொடுத்து எடுத்துப்போனாராம். “அந்தக் கண்ணாடி எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை” என்றார்.

அதன்பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் போயிருக்காவிட்டால் அவருக்கு அது கடைசிவரை பத்து டாலர் சாமானாகவே இருந்திருக்கும். வகுப்பில் உண்மையைச் சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அன்றைக்கு அது எனக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தது.

திருப்பித் தர நீட்டினேன். வேண்டாம், குழந்தை வாசிக்கட்டும் என்றார். நூறு டாலர் கொடுத்தேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார், எண்ணியும் பார்த்தார். நூறு போதுமா, கூடக் கொடுத்திருக்க வேண்டுமா என்று மகளிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

பேத்திக்கு இப்போது நன்றாக வாசிக்க வருகிறது. நைலான் தந்திதான் மாட்டியிருக்கிறோம், வார்னிஷ் தொடவில்லை. லேபிளின் படம் முதல் பின்னூட்டத்தில் இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்த எட்டுத் தந்தி எங்கே போனதோ. எட்டுப் பிருடையில் ஒன்று உடைந்து, அவருடைய அப்பா வேறு மரத்தில் செதுக்கி வைத்தாராம்; அது மட்டும் கறுப்பாக இருக்கும் என்றார். இணைய ஏலத்தில் டாரோ பேட்ச் எது வந்தாலும் முதலில் தலைப்பகுதிப் படத்தைப் பெரிதாக்கிப் பிருடைகளை எண்ணிப் பார்க்கிறேன். இன்னும் கறுப்பு ஒன்று கண்ணில் படவில்லை.